மூழ்கிய கப்பல்களின் வலைப்பக்கங்கள்

அப்பாவின் அப்பா செத்தாரா, ஓடிப்போனாரா என்பது எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி. யுத்தகாலத்தில் பம்பாய்க்குப் போய் வெள்ளைக்காரன் சரக்குக் கப்பலில் ஏறியவர் திரும்பவில்லை. அப்போது அப்பா கைக்குழந்தை. சாவுச் செய்தி வரவில்லை. அதற்குப் பதிலாக ஊருக்குள் ஒரு கதைதான் வந்தது. ஆள் சீமையில் ஏதோ துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கிவிட்டான், அங்கே ஒருத்தியோடு குடும்பம் நடத்துகிறான் என்று. தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் இப்படி ஒரு கதை கிளம்பிவிட்டால் அதற்குச் சாட்சியெல்லாம் தேவைப்படாது. அப்பா 'ஓடிப்போனவன் மகன்' என்ற பட்டத்தோடு வளர்ந்தார். ஓசூரில் கம்பெனிகள் வந்த புதிதில் வேலை கிடைத்ததும் வண்டி ஏறிவிட்டார். கடலுக்கு இதைவிடத் தூரமான ஊர் தமிழ்நாட்டில் கிடைக்கவில்லை, அதனால்தான் இங்கே வந்தார் என்று அம்மா கேலி செய்வார். அப்பா அதை மறுத்ததில்லை.

நான் ஓசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். மீனைவிட ராயக்கோட்டைத் தக்காளியைப் பற்றி அதிகம் தெரியும். வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் வேலை. வேலையால் குணம் வந்ததா, குணத்தால் வேலை கிடைத்ததா தெரியாது, 'சுமாரா இருக்கு மேடம்' என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அது வேறு கதை. அம்மா இறந்த பிறகு வீட்டில் நானும் அப்பாவும்தான்.

நவம்பர் இரண்டாம் தேதி எங்களுக்குக் கல்லறைத் திருநாள். கோயிலில் இறந்தவர்களின் பெயர்களைக் கொடுத்தால் பூசையில் வாசிப்பார்கள். பிறகு கல்லறைத் தோட்டத்துக்குப் போய், வெள்ளையடித்த கல்லறைகளில் மெழுகுவத்தி ஏற்றி, பூ வைப்போம்; சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டே வருவார். அப்பா ஒவ்வொரு வருஷமும் எல்லாருடைய பெயரையும் கொடுப்பார். அம்மா, அவருடைய அம்மா, அவரைத் தூக்கி வளர்த்த பெரியப்பா. அவருடைய அப்பாவின் பெயரை மட்டும் கொடுத்ததில்லை. உயிரோடு இருப்பவனுக்கு இறந்தோர் பூசை வைத்தால் பாவம், இறந்தவனுக்கு வைக்காவிட்டால் அதைவிடப் பாவம். இரண்டுக்கும் நடுவில் அப்பா எண்பது வயதைத் தாண்டிவிட்டார். அவருடைய அம்மா கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை. சுமங்கலியாகப் பூ வைத்துத்தான் அடக்கம் செய்தார்கள்.

போன வருஷம் அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அடுத்த வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு என் லேப்டாப்பைக் காட்டிக் கேட்டார்.

"ஏளா, இதுல எல்லாம் கெடைக்கும்னு சொல்லுதாவளே. அந்த ஆளு செத்தாரா, நம்மள விட்டுட்டுப் போனாரான்னு பாக்க முடியுமா? வேற ஒண்ணும் வேண்டாம். அது தெரிஞ்சா போதும்."

'அந்த ஆளு' என்றுதான் சொன்னார். தன் தகப்பனை 'அப்பா' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

பாக்கலாம் என்றேன். ஒரு மாதத்தில் முடிகிற வேலை என்று நினைத்தேன்.

யுத்தகாலக் கப்பல்களைப் பற்றி இணையத்தில் இருக்கும் சங்கதி கொஞ்சநஞ்சமல்ல. நீர்மூழ்கிகள் மூழ்கடித்த சரக்குக் கப்பல்களுக்கென்றே தளங்கள் இருக்கின்றன. கப்பலுக்கு ஒரு பக்கம். எந்தப் பட்டறையில் கட்டியது, என்ன சரக்கு, எங்கிருந்து எங்கே போனது, எந்த இடத்தில் அடிபட்டது என்று எல்லாம் இருக்கும். நீலக் கடல் வரைபடத்தில் ஒரு சின்ன ஊசி குத்தியிருக்கும். சமாதானக் காலத்தில் எடுத்த படமும் இருக்கும், கப்பல் பெரும்பாலும் அழுக்காக, புகைவிட்டுக்கொண்டு. கப்பல்கள் எந்தத் துறைமுகத்தில் எப்போது நின்றன என்று கையால் எழுதி வைத்த அட்டைகளை ஆவணக் காப்பகங்கள் படமெடுத்துப் போட்டிருக்கின்றன. போரில் இறந்தவர்களின் பெயர்களைத் தேடிப் பார்க்க நினைவகத் தளம் ஒன்று தனியாக. இதெல்லாம் போதாதென்று மாலுமிகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கூடிப் பேசும் மன்றங்கள் வேறு. நான் வாராந்திர விடுமுறை நாட்களில் காலைக் காபியோடு உட்கார்ந்தால் மத்தியானம் குழம்பு கொதித்து அடிபிடிக்கும் வரை எழுந்திருக்க மாட்டேன்.

முதலில் எரிச்சல்தான் வந்தது. வெள்ளைக்கார மாலுமிகளுக்குப் பெயர், வயது, வீடு இருந்த தெரு, சிலருக்குப் படம்கூட உண்டு. ஒரு கப்பலின் பக்கத்தில் அவர்கள் வளர்த்த பூனையின் பெயரைப் போட்டிருந்தார்கள். அடுத்த வரியில் 'மற்றும் இந்திய மாலுமிகள்' என்று மொத்தமாக முடித்துவிட்டார்கள். மூட்டைக் கணக்குச் சொல்கிற மாதிரி. அன்றைக்கு லேப்டாப்பை மூடிவிட்டுப் போய்ப் பாத்திரம் துலக்கினேன். பாத்திரங்கள்தான் பாவம்.

பிறகு தெரிந்தது, நம் ஆட்களின் பெயர்களைக் கல்லில் வெட்டாவிட்டாலும் ஒரு புத்தகத்திலாவது எழுதி வைத்திருக்கிறார்கள், அதையும் நினைவகத் தளத்தில் ஏற்றியிருக்கிறார்கள். அதில் தாத்தாவின் பெயரைப் போட்டுத் தேடினேன். எழுதக்கூடிய விதத்தில் எல்லாம் எழுதிப் பார்த்தேன். முன்னால் தகப்பன் பெயரைப் போட்டு, பின்னால் போட்டு, பாதிப் பெயரை மட்டும் போட்டு. வேறு ஆட்கள் வந்தார்கள், அவர் வரவில்லை. இறந்தவர்களில் அவர் இல்லை என்றால் என்ன அர்த்தம்? ஊர் சொன்னதுதான் சரியா? அப்பா தினமும் கேட்கமாட்டார். ஆனால் நான் லேப்டாப்பைத் திறந்தால் பேப்பரை மடித்துவிட்டு என் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பார். அது கேட்பதைவிட மோசம்.

மன்றம் ஒன்றில் கேள்வியைப் போட்டு வைத்தேன். இங்கிலாந்தில் ஏதோ துறைமுக ஊரிலிருந்து ஓய்வுபெற்ற மாலுமி ஒருவர் பதில் எழுதினார். பொறுமையான மனிதர். ஆளைத் தேடாதீர்கள், கப்பலைத் தேடுங்கள், கப்பல் கிடைத்தால் ஆள் கிடைப்பார் என்றார். கப்பல் பெயர் தெரியாது என்றேன். வீட்டில் யாருக்காவது தெரியுமா என்றார். தெரிந்தவர்கள் எல்லாம் கல்லறையில் இருக்கிறார்கள் என்று எழுத வந்தது. அடக்கிக்கொண்டேன்.

வழி கிடைத்தது தொழிற்சாலையிலிருந்துதான். நாங்கள் செய்யும் ஒவ்வொரு பாகத்திலும் ஒரு குறி குத்தியிருக்கும். எங்கேயோ ஓடுகிற வண்டியில் அந்தப் பாகம் உடைந்தால், குறியை வைத்து எந்த வார்ப்படச்சாலை, எந்த உலை என்று பின்னோக்கிப் போய்விடலாம். குறி தேய்ந்து போயிருந்தால் எதிர்த் திசையிலிருந்து வருவோம். அந்த வார்ப்படச்சாலையில் அந்தச் சமயம் வார்த்ததை எல்லாம் எடுத்து, தெரிந்ததைக் கழித்துக்கொண்டே வந்தால் தெரியாதது மிஞ்சும். இத்தனை வருஷமாக அடுத்தவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கிறேன், என் தாத்தாவுக்குச் செய்யத் தோன்றவில்லை. நினைவகத் தளத்தில் பெயருக்குக் கீழே 'கூடுதல் விவரம்' என்று ஒரு கட்டம் உண்டு. இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்ன ஊர் என்று சிலருக்கு இருக்கும். பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு அந்தக் கட்டத்தில் எங்கள் ஊரின் பெயரை மட்டும் போட்டேன்.

ஒரே ஓர் ஆள் வந்தார். கப்பலில் பண்டாரி, அதாவது சமையல்காரர். பெயர் எனக்கு நன்றாகத் தெரிந்த பெயர். மனைவியின் பெயரும் தெரிந்த பெயர். என் தாத்தாவின் சொந்த அண்ணன்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தப் பெரிய தாத்தாதான் அப்பாவைத் தூக்கி வளர்த்த பெரியப்பா. நான் பள்ளிக்கூடம் போகிற வயதுவரை உயிரோடு இருந்தார். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனால் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, சத்தம் போடாதே என்று என்னை அதட்டுவார். என் கையில் கருப்பட்டித் துண்டு கொடுப்பார். அவர் யுத்தத்தின் நடுவில், அட்லாண்டிக் கடலில், கப்பல் மூழ்கி இறந்துவிட்டதாக வெள்ளைக்காரன் எழுதி வைத்திருக்கிறான். இதற்குத்தான் நான் தரக்கட்டுப்பாடு என்று கத்துவது.

"அப்பா, உங்க பெரியப்பா செத்துட்டாராம், யுத்தத்துல."

அப்பா முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு விளக்கிச் சொன்னதும் அவரும் சிரித்தார். ஸ்டென்ட் வைத்த பிறகு அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "அவிய யுத்தத்துல செத்திருந்தா அப்ப என்னைய பெரம்பால அடிச்சது பேயா?" என்றார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நண்பர்களிடமும் சொல்லிச் சிரித்தார்.

தப்பைத் தப்பு என்று சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. தளத்துக்கு ஒரு திருத்தம் எழுத உட்கார்ந்தேன். அனுப்புவதற்கு முன்னால், இதை எப்படி எழுதினால் மதிப்பார்கள் என்று மன்றத்துப் பெரியவரிடம் கேட்டு வைத்தேன். கப்பலின் பெயரையும் கொடுத்து, இந்த மனிதர் சாகவில்லை, என் கண்ணால் பார்த்திருக்கிறேன், கையால் கருப்பட்டி வாங்கித் தின்றிருக்கிறேன் என்று கொஞ்சம் திமிராகவே எழுதியிருந்தேன்.

அதற்கடுத்த வாரம் சூளகிரிப் பக்கம் ஒரு வார்ப்படச்சாலையில் தணிக்கை. கம்பெனிக் காரில் போய்க்கொண்டிருந்தோம். சானமாவு காட்டருகே வனத்துறைக்காரர்கள் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். யானைகள் ரோட்டைக் கடக்கப்போகின்றனவாம். முன்னால் லாரி வரிசை. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு, இறங்கிப் போய்ப் பக்கத்து லாரிக்காரரிடம் கன்னடத்தில் பேச ஆரம்பித்தார். யானை வருகிற வரைக்கும் பொழுது போகவேண்டுமே என்று போனைத் திறந்தேன். பதில் வந்திருந்தது.

நிதானமான பதில். அந்தக் கப்பலைப் பற்றித் தனக்குத் தெரிந்ததை எழுதியிருந்தார். வடக்கு அட்லாண்டிக்கில், குளிர்காலத்தில், அடிபட்டுச் சீக்கிரமே மூழ்கிவிட்டது. பிழைத்தவர்கள் சொற்பம். பிறகு கடைசியில் இப்படி முடித்திருந்தார். "திருத்தம் அனுப்புவதற்கு முன் ஒன்றை யோசித்துப் பாருங்கள். போர்க்காலத்தில் ஒருவருடைய கப்பல் சான்றிதழை வைத்துக்கொண்டு இன்னொருவர் ஏறுவது உண்டு. அண்ணனுடையதில் தம்பி, மாமனுடையதில் மருமகன். யாரும் ரொம்பத் துருவிப் பார்க்கமாட்டார்கள். அதனால் கேட்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். அந்தப் பெயர் கொண்டவர் வீட்டில் உயிரோடு இருந்தார் என்கிறீர்கள். அந்தக் குடும்பத்தில் வீடு திரும்பாதவர் யார்?"

யானைகள் எப்போது கடந்தன என்று எனக்குத் தெரியாது. டிரைவர் வந்து, "பாத்தீங்களா மேடம், குட்டி ஒண்ணு இருந்துச்சு" என்றபோது தலையாட்டினேன். எனக்கு வெட்கமாக இருந்தது. துக்கம் அப்புறம்தான் வந்தது. தேடிய ஆள் கண்ணெதிரே வந்து நின்றபோது நான் சிரித்திருக்கிறேன், அப்பாவையும் சிரிக்க வைத்திருக்கிறேன்.

தணிக்கையில் என்ன பார்த்தேன் என்று கேட்காதீர்கள். திரும்பி வரும்போது எல்லாம் தானாக ஒட்டிக்கொண்டே வந்தது. பெரிய தாத்தா யுத்தத்துக்கு முன்னால் கப்பலில் பண்டாரியாக இருந்தவர் என்பது எல்லாருக்கும் தெரியும். அவர் பிறகு கப்பல் பக்கமே போகவில்லை, உப்பளத்தில் வேலை பார்த்தார். கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். இறந்துபோனவர் எப்படிக் கப்பல் ஏறுவார்? சர்க்கார் கணக்கில் அவர் அட்லாண்டிக்கின் அடியில் இருந்தார். அந்தச் சாவுச் செய்தியும் அவர் வீட்டு வாசலுக்கேதான் வந்திருக்கவேண்டும், அவர் செத்துவிட்டார் என்று அவரிடமே சொல்ல.

அப்பாவிடம் சொல்ல எனக்குச் சில நாட்கள் ஆயின. சனிக்கிழமை காலையில், மாத்திரை போட்டுக்கொண்டு அவர் பேப்பர் விரிக்கும்போது சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. உங்க அப்பா ஓடிப்போகலைப்பா, பெரியப்பா பேர்ல கப்பல் ஏறி, அந்தப் பேர்லயே செத்துட்டார் என்றேன். அப்பா கப்பலின் பக்கத்தைக் காட்டச் சொன்னார். படத்தைப் பார்த்தார். வரைபடத்தில் ஊசி குத்திய இடத்தைப் பெரிதாக்கச் சொன்னார். பெரிதாக்கினால் அங்கே என்ன இருக்கும், நீலம்தான் இருந்தது. இன்னும் பெரிதாக்கச் சொன்னார்.

"குளிரா இருக்குமோ?" என்றார்.

"இருக்கும்பா."

பிறகு போனை எடுத்து ஊருக்கு அடித்தார். பெரிய தாத்தாவின் மகனுக்கு. அப்பாவைவிடச் சில வயது மூத்தவர், ஒரே வீட்டில் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த அண்ணன். காது மந்தமாகிவிட்டதால் அப்பா ஸ்பீக்கரில் போட்டுக் கத்துவது வழக்கம். அன்றைக்குக் கத்தவில்லை.

"அண்ணே, எங்கப்பா பெரியப்பா சீட்டுலயா கப்பல் ஏறுனாவ?"

அவருக்குக் கேட்கவில்லையோ என்று நான் போனைக் கிட்டே தள்ளினேன்.

"யாரு சொன்னா ஒனக்கு?" என்றார் அவர்.

அவருக்குத் தெரிந்திருந்தது. பெரிய தாத்தா சாகக் கிடந்தபோது சொல்லியிருக்கிறார். கப்பல்கள் வரிசையாக மூழ்குகின்றன என்று கேள்விப்பட்டுப் பெரிய தாத்தாவுக்குப் பயம் வந்துவிட்டதாம். தம்பிக்கோ சான்றிதழ் இல்லை, கப்பல் ஏற ஆசை. இருவருக்கும் ஒரே முகச்சாடை. அப்படியே போய்விட்டார். செய்தி வந்தபோது உண்மையைச் சொன்னால் சீட்டைக் கை மாற்றியதற்கு ஜெயில் என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். செத்தான் என்று சொன்னால் எந்தக் கப்பல், எப்படி என்று ஊர் கேட்கும், கோயிலில் சாமியார் தகவல் கேட்பார். ஓடிப்போனவனை யாரும் தேடமாட்டார்கள். சீமைக் கதையை ஊருக்குள் விட்டதே பெரிய தாத்தாதான்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றார் அப்பா.

"ஒங்கம்மா இருந்தாவ தம்பி. தாலியோட இருந்தாவ."

"அம்மா செத்து எத்தன வருசம் ஆச்சு?"

"அதுக்கப்புறம்... எங்கப்பாவ நீ சாமி மாதிரி வச்சிருந்த. நான் எந்த வாயால சொல்ல?"

அப்பாவின் குரல் அப்போதுதான் உடைந்தது. "எங்கம்மாவ ஒருநாள்கூட அழ விடலியே அண்ணே. வாசல பாத்துப் பாத்தே செத்தாவளே. ஒரு நாள் அழுதிருந்தா தீந்திருக்கும்லா." அவர் ஏதோ சொல்ல வந்தார். அப்பா போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த எண்ணிலிருந்து வந்த அழைப்புகளை அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. எனக்குக் கோபம். கருப்பட்டி கொடுத்த கையை நினைத்தால்கூடக் கோபம் வந்தது.

கல்லறைத் திருநாளுக்கு எங்கள் பங்குக் கோயிலில் ஒரு வழக்கம். அந்த வருஷம் இறந்தவர்களின் பெயர்களை முதலில், தனியாக வாசிப்பார்கள். அந்தந்த வீட்டார் ஆளுக்கொரு மெழுகுவத்தியோடு பீடத்துக்குப் போக வேண்டும். அந்த வருஷத்துச் சாவுகளுக்குப் பெயர் கொடுக்கும் வரிசையில் அப்பா போய் நின்றார். இளம் சாமியார், சிவகங்கைப் பக்கம். பெயரைக் கேட்டு எழுதிவிட்டு, "எப்போ தவறினாங்க தாத்தா?" என்றார்.

"யுத்தத்துல சாமி. தகவல் இப்பதான் வந்துச்சு."

சாமியார் என்னைப் பார்த்தார். கிழவருக்கு நினைவு தடுமாறுகிறது என்று நினைத்திருப்பார். நான் ஆமாம் என்று தலையசைத்தேன். நல்ல பிள்ளை, மேலே ஒன்றும் கேட்கவில்லை. பூசையில், அந்த மழைக்காலத்தில் டெங்குவில் இறந்த ஒரு சின்னப் பெண்ணின் பெயருக்கு அடுத்ததாக என் தாத்தாவின் பெயரை வாசித்தார்கள். அவருடைய சொந்தப் பெயர். அப்பா மெழுகுவத்தியோடு நடந்து போனார். மெழுகு சட்டையில் சொட்டியது. கல்லறைத் தோட்டத்தில் தாத்தாவுக்கு இடமில்லாததால் அம்மாவின் கல்லறையிலேயே இன்னொரு மெழுகுவத்தி வைத்தோம். மாமனாரோடு அம்மாவுக்கு அறிமுகம் இல்லை. ஆனாலும் இடம் கொடுத்திருப்பார்.

அன்று முதல் எங்கள் வீடு சாவு வீடு. நான் அதை எதிர்பார்க்கவில்லை. அப்பா முப்பதாம் நாள் பூசைக்கு எழுதிக் கொடுத்தார். தாடி வளர்த்தார். டிசம்பர் பிறந்ததும் பரணிலிருந்து ஸ்டாரை இறக்கப் போன என்னைத் தடுத்து, "துட்டி வீட்ல ஸ்டார் கட்டுவாவளா?" என்றார். ஸ்டார் இல்லை, குடில் இல்லை, புதுத்துணி இல்லை, பலகாரமும் கிடையாது. இறந்த வருஷத்துக் கிறிஸ்துமஸ் எங்களுக்கு அப்படித்தான். அண்டை வீட்டார்தான் பலகாரம் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். மூர்க்கமாக ஒரு முறையையும் விடாமல் செய்தார். எண்பது வருஷ பாக்கி. நான் குறுக்கே போகவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று காலையில் எதிர்வீட்டு அம்மா ஒரு தூக்குவாளியில் பலகாரத்தோடு வந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எங்களோடு தமிழ். தெருவில் எங்கள் வீடு மட்டும் இருட்டாக இருந்ததைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

"யாரு போயிட்டாங்க? சொல்லவே இல்லையே."

"அப்பாவோட அப்பாங்க."

அவர் என் அப்பாவைப் பார்த்தார். மனசுக்குள் வயதைக் கூட்டிப் பார்த்தது முகத்தில் தெரிந்தது. "அப்படின்னா நூறு தாண்டியிருப்பாரே. கல்யாண சாவுதான். வருத்தப்படாதீங்க பெரியவரே."

"இல்லம்மா," என்றார் அப்பா. "சின்ன வயசு. கைக்கொழந்த இருந்துச்சு."

அந்த அம்மா தூக்கை என் கையில் கொடுத்துவிட்டு, "ஸ்டார் இல்லாம உங்க வீட்டப் பாக்கவே ஒரு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். ஸ்டார் தொங்கவிடும் ஆணியைப் பார்த்தார். உள்ளே வாங்க, குளிருது என்றேன். வரவில்லை.

"ஏளா," என்றார். "பெரியப்பா வீட்ல ஸ்டாரே கட்டமாட்டாவ."

"எப்போப்பா?" என்றேன்.

"ஒரு வருசமும் கட்டுனதில்ல. தெருவே காகித ஸ்டார் செஞ்சு வெளக்கு வைக்கும், எங்க வீடு மட்டும் இருட்டா கெடக்கும். பலகாரமும் சுடமாட்டாவ. கேட்டா அடிப்பாவ. கஞ்சன், கஞ்சன்னு ஊரே பேசும், நானும் அப்படித்தான் நெனச்சேன். அண்ணனுக்குப் புதுத்துணி கெடையாது. எனக்கு மட்டும் எடுத்துக் குடுப்பாவ. அண்ணன் அழுவான்." மறுபடி ஆணியைப் பார்த்தார். "அண்ணன் வீட்லயும் இன்னிய வரைக்கும் கட்டுனதில்ல, தெரியுமா? அவன் பேரப்பிள்ளைக அடம்பிடிக்கும், கட்டவிடமாட்டான்."

பூசை இல்லாமல் அடக்கம் இல்லாமல் தொடங்கிய துட்டியை எங்கே கொண்டுபோய் முடிப்பது என்று தெரியாமல், அந்த வீடு தலைமுறை தாண்டியும் காத்துக்கொண்டு இருந்திருக்கிறது. எனக்குப் பெரிய தாத்தாவின் மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். போகவில்லை. தளத்தில் அவர் பெயர் இருக்கும் இடத்தில் என் தாத்தாவின் பெயர் வரவேண்டும் என்ற எண்ணமும் போகவில்லை. ஆனால் அன்றைக்கு வாசலில் எனக்கு அழுகை வந்தது, அது தாத்தாவுக்காக மட்டும் இல்லை.

அப்பா உள்ளே வந்து போனை எடுத்தார். நானே எண்ணைப் போட்டுக் கொடுத்தேன். அந்தப் பக்கம் உடனே எடுத்துவிட்டார்கள்.

"அண்ணே," என்றார் அப்பா, பழையபடி கத்தி. "எங்கப்பாவுக்குப் பூச வச்சாச்சு. வர்ற நவம்பரோட வருசம் திரும்பிரும். அடுத்த கிறிஸ்மசுக்கு ஒங்க வீட்ல ஸ்டார் கட்டுங்க."